மாட்டுக்கு ஏற்ற சால்

நேற்றுச் சாயங்காலம் நாலரை மணி சுமாருக்கு, மூன்று வாரமாகக் கொல்லையில் அசையாமல் கிடந்த ஒரு பெரிய எல்ம் கட்டையை என்னுடைய விறகு பிளக்கும் இயந்திரம் பிளந்துவிட்டது. ஆப்பு கட்டையைத் தொட்டதும் எஞ்சின் ஒரு கணம் குரல் தாழ்ந்து, அடுத்த கணமே பழைய தொனிக்கு மீண்டு, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் அந்த முறுக்கு நார்களையெல்லாம் கிழித்துக்கொண்டு மறுகோடி வரையில் சென்ற காட்சியைப் பார்த்து நின்றபோது எனக்கு உண்டான ஆனந்தம் இவ்வளவு அவ்வளவு என்று சொல்ல முடியாது. அதை உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

(விஷயம் கொஞ்சம் நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.)

நாங்கள் இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் கிழக்குப் பகுதியில், மேப்பிள் பாகுக்குப் பேர்போன லானார்க் கவுண்டியில். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி என்பது இங்கே செய்தியே அல்ல. வீட்டை விறகு அடுப்பினால்தான் சூடாக்குகிறோம். அதற்கு ஒரு குளிர்காலத்துக்கு ஐந்து ‘கார்டு’ விறகு வேண்டும். நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளம், ஆக 128 கன அடி அடுக்கினால் ஒரு கார்டு. அத்தனையையும் முன்கூட்டியே பிளந்து, காற்றுப்பட அடுக்கி, ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இறங்கும் வரையில் காயவைத்தாலன்றி, அடுப்பில் புகைதான் மிஞ்சும்.

எங்களுக்கு இப்போது கிடைக்கும் விறகில் பெரும்பகுதி ஆஷ் மரம். அது ஒரு துக்ககரமான கதை. எமரால்ட் ஆஷ் போரர் என்னும் மரகதப் பச்சை வண்டு 2002-ஆம் வருஷத்தில் டெட்ராய்ட்டிலும், அதற்கு எதிர்க்கரையிலுள்ள விண்ட்ஸரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் குடைந்து, மரத்தின் சாறு ஓடும் பாதையையே அறுத்துவிடுகின்றன. அப்படிச் செத்து நின்ற மரங்களை வெட்டி வெட்டியே இந்தப் பக்கத்து அடுப்புகள் எரிகின்றன. ஆஷ் மரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: நார் நேராக ஓடுவதனால், ஆப்பு தொட்ட மாத்திரத்தில் விண்டுவிடும். அந்த நல்ல குணந்தான், பின்னால் சொல்லப்போகிறபடி, என்னை ஒரு மாத காலம் ஏமாற்றியது.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதை எந்தத் தொழிற்சாலையும் செய்யவில்லை. பக்கத்து ஊரில் ஒரு விவசாயி தம் பட்டறையில் பழைய இரும்பு உத்தரத்தை வைத்து வெல்டிங் செய்தது. 4 அங்குல உள்விட்டமும் 24 அங்குல ஓட்டமும் உள்ள ஒரு சிலிண்டர். 196 சிசி பெட்ரோல் எஞ்சின் ஒன்று. அதன் நெற்றியில் ஒட்டியிருந்த பழைய வில்லையில் ‘6.5 குதிரை’ என்று எழுதியிருந்தது. இரண்டுக்கும் நடுவே, நிமிஷத்துக்கு 11 கேலன் தள்ளும் ஒரு பம்ப். (கேலன் என்று நான் சொல்வதெல்லாம் அமெரிக்க கேலன், 231 கன அங்குலம்.)

எண்ணெய் நசுங்குவதில்லை. ஒரு மூலையில் அதை அழுத்தினால் எல்லா மூலைகளிலும் அதே அழுத்தம் உண்டாகிறது. பாஸ்கல் கண்ட இந்த உண்மையை வைத்து ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795-லேயே அழுத்து யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். என் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனின் முகம் 12.57 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 2500 பவுண்டு அழுத்தத்தில் எண்ணெய் அதைத் தள்ளினால், ஏறக்குறைய 31,400 பவுண்டு, அதாவது இங்கத்திய டன் கணக்கில் 15.7 டன் பலம் ஆப்பின் முனையில் நிற்கிறது. பலத்தைத் தருவது அழுத்தம். வேகத்தைத் தருவது எண்ணெயின் அளவு. இந்த இரண்டையும் தன் தோளில் சுமப்பது எஞ்சின்.

போன புரட்டாசியில் பழைய பம்ப் தேய்ந்துபோய், அச்சின் ஓரத்தில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. புதிதாக ஒன்று வாங்கக் கடைக்குப் போனேன். அங்கே அலமாரியில் 11 கேலன் பம்பும் 16 கேலன் பம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் ஒரே அரை அங்குல அச்சு, அதே நாலு போல்ட்டு, அதே தாங்கி, விலையில் பெரிய வித்தியாசமில்லை. கடைக்காரர், “எது வேண்டுமானாலும் உட்காரும்” என்று சொன்னார். அவர் சொன்னதில் பொய்யில்லை, உட்காரத்தான் செய்தது. உட்காருவது வேறு, உழைப்பது வேறு என்ற விஷயம் அப்போது என் புத்தியில் ஏறவில்லை. வேகமாகப் பிளக்கலாமே என்ற ஆசையில் 16 கேலன் பம்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் ஒரு மாதம் சொர்க்கம். முன்பு முழு நீளம் போய்ச்சேர 7 விநாடி எடுத்துக்கொண்ட ஆப்பு இப்போது 5 விநாடியில் போயிற்று. ஆஷ் கட்டைகள் ‘டப் டப்’ என்று விண்டு விழுந்தன.

பிறகு மேப்பிள் வந்தது.

அதிலும் கிளை பிரியும் கவட்டைக் கட்டை. உள்ளே ஒரு பெரிய கணு. ஆப்பு கட்டையில் பதிந்து அரை அங்குலம் இறங்கியதும் எஞ்சின் ‘உம்’ என்று ஒரு குரல் கொடுத்து நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து மறுபடி கிளப்பினேன், மறுபடி நின்றது. ஒட்டாவாவில் படிக்கும் என் அக்காள் மகன் சனிக்கிழமைகளில் உதவிக்கு வருவான். “மாமா, பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும் போல” என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெட்ரோலை மாற்றினோம். ஸ்பார்க் பிளக்கை மாற்றினோம். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி, மிதவையைச் சரிசெய்து மாட்டினோம். கவர்னர் ஸ்பிரிங்கையும் சந்தேகித்தோம். இப்படி இரண்டு சனிக்கிழமைகள் கழிந்தன. எஞ்சின் என்னவோ ஆஷ் மரத்துக்குப் பாடியது, மேப்பிளுக்குப் படுத்தது.

கடைசியில் நான் செய்தது, முதலிலேயே செய்திருக்க வேண்டியது: பம்பிலிருந்து வெளியே வரும் குழாயில் ஒரு பிரஷர் கேஜை மாட்டினேன். முள்ளைப் பார்த்துக்கொண்டே மேப்பிள் கட்டையை வைத்தோம். முள் 200, 400, 600 என்று ஏறிற்று. 600-ஐத் தாண்டியவுடன் எஞ்சின் நின்றது. மூன்று தடவையும் அதே இடம். நோய் எஞ்சினுக்குள் இல்லை என்பது அந்த நிமிஷத்தில் விளங்கியது.

இங்கே ‘டூ ஸ்டேஜ்’ பம்பின் உள்வேலையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இது மனித புத்தியின் மிக அழகிய சிருஷ்டிகளில் ஒன்றாகத் தோன்றுகிறது. ஒரே கூட்டுக்குள் இரண்டு ஜோடி கியர்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒரே அச்சில் சுழல்கின்றன. ஆப்பு வெறுங்காற்றில் நகரும்போது எதிர்ப்பே இல்லை. அப்போது இரண்டு ஜோடியும் சேர்ந்து எண்ணெயைத் தள்ளுவதால் வேகமாக ஓடுகிறது. கட்டையில் முட்டி அழுத்தம் ஏறி ஒரு குறித்த எல்லையைத் தொட்டதும், உள்ளே இருக்கும் அன்லோடர் வால்வு திறந்து, பெரிய ஜோடியின் எண்ணெயை எதிர்ப்பில்லாமல் உட்புறமாகவே திருப்பிவிடுகிறது. சிறிய ஜோடி மாத்திரம் தனியாக நின்று, மெதுவாக, ஆனால் முழு அழுத்தத்தோடு தள்ளுகிறது. ஓடும்போது குதிரையாகவும் முட்டும்போது யானையாகவும் மாறுகிற இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், நிமிஷத்துக்கு 11 கேலனை 2500 பவுண்டு அழுத்தத்தில் தள்ள, தேய்மானத்தையும் சேர்த்துச் சுமார் 19 குதிரைசக்தி வேண்டும். இருப்பதால் 5 குதிரைசக்தி போதுமாகிறது.

கணக்கு சிரமமானதல்ல. நிமிஷத்துக்கு எத்தனை கேலன் என்பதைச் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்பதோடு பெருக்கி, 1714-ஆல் வகுக்க வேண்டும். எண்ணெய்க்குள் போய்ச்சேரும் குதிரைசக்தி கிடைத்துவிடும். (1714 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: ஒரு குதிரைசக்தி என்பது நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு, அதை அங்குலமாக்கி, ஒரு கேலனுக்குரிய 231 கன அங்குலத்தால் வகுத்துப் பாருங்கள்.) பம்ப் விழுங்கும் நஷ்டத்துக்காக விடையை மேலும் 0.85-ஆல் வகுக்க வேண்டும்.

என் பழைய பம்பை முதலில் கணக்கிட்டேன். மாறுமிடம் 500 பவுண்டு: 11-ஐ 500-ஆல் பெருக்கி 1714-ஆல் வகுத்தால் 3.2 குதிரை, நஷ்டம் சேர்த்து 3.8. மாறிய பிறகு சிறிய ஜோடி 2.9 கேலனை 2500 பவுண்டில் தள்ளுகிறது: 4.2, நஷ்டத்தோடு 5.0. ஆக, எந்தக் கணத்திலும் 5 குதிரைக்கு மேல் அது கேட்டதே இல்லை.

புதிய பம்ப்? அதன் மாறுமிடம் 650. பதினாறை 650-ஆல் பெருக்கி 1714-ஆல் வகுத்தால் 6.1, நஷ்டத்தோடு 7.1 குதிரை. மாறிய பிறகும் 4 கேலன், 2500 பவுண்டு: 6.9 குதிரை.

வில்லையில் இருந்த 6.5 என்னும் எண்ணையே எடுத்துக்கொண்டாலும் போதாது. அந்த எண்ணோ நிஜத்தில் 6.5 அல்ல. முன்காலத்தில் சிறிய எஞ்சின்களின் குதிரைசக்தியைச் சோதனைச்சாலையில், இடைஞ்சல் கொடுக்கும் உறுப்புகளைக் கழற்றிவைத்து, ‘மொத்த’ சக்தியாக அளந்து எழுதினார்கள். பிறகு, வேலைசெய்யும் நிலையில் உள்ள ‘நிகர’ சக்தியை அளக்கும் வழக்கம் வந்தது. ஹோண்டா ஜிஎக்ஸ் 200 எஞ்சின், அதே 196 சிசி, அதே உடல், 6.5-லிருந்து 5.5 ஆகவும், ஜிஎக்ஸ் 390 எஞ்சின் 13-லிருந்து 11.7 ஆகவும் எண் மாறியது இந்த முறையினால்தான். அமெரிக்காவில் புல்வெட்டும் எஞ்சின்களின் குதிரைசக்தி எண்களைப் பற்றி ஒரு பெரிய வழக்கு நடந்து, விஸ்கான்சின் நீதிமன்றத்தில் 2010-ல் சமரசமாக முடிந்ததும் உண்டு. இப்போது பல எஞ்சின்களின் மேல் குதிரையைக் காணோம், சிசி மட்டுமே இருக்கிறது. ஆகையால் பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள், வில்லையில் கண்ட எண்ணில் ஆறில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவது உத்தமம்.

இன்னொரு கோணத்திலும் பார்த்தேன், ஏனெனில் ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. எஞ்சின் திணறும்போது வேகம் குறைகிறதே, வேகம் குறைந்தால் பம்ப் தள்ளும் எண்ணெயும் குறையுமே, அப்போது சுமை தானாக இலேசாகிவிடாதா? ஆகாது. கியர் பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளுவது. அதைச் சுழற்ற வேண்டிய முறுக்குவிசை அழுத்தத்தைப் பொறுத்ததேயன்றி வேகத்தைப் பொறுத்ததல்ல. 3600 சுற்றில் 16 கேலன் என்றால் ஒரு சுற்றுக்கு 1.03 கன அங்குலம். 650 பவுண்டு அழுத்தத்தில் அதைத் திருப்ப, நஷ்டத்தையும் சேர்த்துச் சுமார் 10.4 பவுண்டு-அடி முறுக்குவிசை வேண்டும். ஜிஎக்ஸ் 200 அளவுள்ள எஞ்சின் தன் உச்சத்தில், 2500 சுற்றில், தருவது 9.1. சற்று நேரம் ஃபிளைவீலின் உந்துதல் தாங்கும். அப்புறம் நிற்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இரண்டு சனிக்கிழமைகளாக அந்தக் குற்றமற்ற எஞ்சினை நான் சந்தேகித்தது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

சிறு வயதில் தாத்தாவின் தோட்டத்தில் கமலை இறைப்பதைப் பார்த்திருக்கிறேன். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் நிறையத் தண்ணீரோடு ஏறும். பின்னோக்கி ஏறும்போது வெறும் சால் இறங்கும். பாரம் விழுகிற நேரத்தில் சரிவு மாட்டுக்கு அனுகூலம், மேடேறும் நேரத்தில் பாரமே இல்லை; டூ ஸ்டேஜ் பம்பின் தர்மமும் அதுதான். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் பெரிய சால் கட்டினார். தாத்தா அதைப் பார்த்துவிட்டு, “சாலைப் பாத்து மாடு புடிக்கணும், இல்ல மாட்டப் பாத்து சால் கட்டணும், ரெண்டும் இல்லாம தண்ணியப் பாத்துக் கட்டிட்டான்” என்றார். நான் அலமாரியின் முன் நின்று பார்த்ததும் தண்ணீரைத்தான்.

சரி, வாங்கியாயிற்று, என்ன செய்வது? அந்தப் பம்பில் மாறுமிடத்தைத் திருத்த ஒரு திருகு இருந்தது. (எல்லாப் பம்புகளிலும் இருக்காது.) அதைத் தளர்த்தி 450 பவுண்டுக்கு இறக்கினேன். கன்ட்ரோல் வால்வில் உச்ச அழுத்தத்தை நிர்ணயிக்கும் ரிலீஃப் வால்வையும் 1800 பவுண்டுக்குக் குறைத்தேன். இப்போது இரண்டு நிலையிலும் 5 குதிரைக்குள் அடங்கிவிட்டது, எஞ்சின் நிற்கவில்லை. ஆனால் 15.7 டன்னாக இருந்த பலம் 11.3 டன்னாகச் சுருங்கிவிட்டது. மேப்பிள் ஒருவாறு வழிக்கு வந்தது. எல்ம் கட்டையோ அசையவில்லை. எல்ம் மரத்தின் நார் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஓடுவது. அதைப் பிளக்க முடியாது, கிழிக்கத்தான் வேண்டும். அதற்குப் பலத்தைக் குறைத்துக்கொண்டு போனால் நடக்காது.

பெரிய எஞ்சின் வாங்குவதா, சிறிய பம்புக்குத் திரும்புவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். 16 கேலன் பம்புக்கு 8 குதிரை, 22 கேலனுக்கு 11 முதல் 13 குதிரை என்பது இந்தத் தொழிலில் அனுபவஸ்தர்கள் சொல்லும் பொருத்தம். என் கணக்கும் அதற்கு ஒத்தே வந்தது. ஆனால் பெரிய எஞ்சினுக்குத் தாங்கியையும் கப்ளிங்கையும் மாற்ற வேண்டும், பெட்ரோல் கூடுதலாகும். அதைவிட முக்கியமாக, அக்காள் மகன் ஒருநாள் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எங்கள் வேலையையே அளந்து பார்த்தான். கட்டையைத் தூக்கி வைத்து, திருப்பி, பிளந்த துண்டை எடுத்துப் போட எங்கள் இரண்டு பேருக்கும் ஆகும் நேரம் பதினைந்து விநாடிக்குமேல். ஆப்பு மிச்சப்படுத்தித் தந்தது இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடிக்காகவா இத்தனை பாடு? 16 கேலன் பம்பைப் பக்கத்து விவசாயி ஒருவர் தம் 9 குதிரை எஞ்சினுக்கு வாங்கிக்கொண்டார். அங்கே அது சந்தோஷமாக ஓடுகிறது. நான் மறுபடியும் 11 கேலன் பம்பையே, புதிதாக ஒன்று வாங்கி, மாட்டினேன்.

மாட்டும்போது கவனித்த இரண்டு சங்கதிகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பம்பைக் கொல்வது பெரும்பாலும் இவைதான்.

முதலாவது, தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு குழாய். என்னுடையது முக்கால் அங்குலம். பெரிய பம்ப் இருந்த நாட்களில், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஓசை ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது; புதுப் பம்பின் குரல் அது என்று விட்டுவிட்டேன். பம்ப் எண்ணெய் போதாமல் மூச்சுத் திணறி, உள்ளே வெற்றிடக் குமிழிகள் உண்டாகி வெடிக்கிற ஓசை அது. அந்தக் குமிழிகள் கியரின் உலோகத்தையே அரித்துவிடும். உறிஞ்சு குழாயில் எண்ணெய் விநாடிக்கு 4 அடிக்கு மேல் ஓடலாகாது என்பது பொதுவிதி. முக்கால் அங்குலத்தில் 16 கேலன் போனால் அது 11 அடிக்கு மேல். 11 கேலனே போனாலும் 8 அடி. ஒரு அங்குலக் கம்பிச்சுருள் குழாயாக மாற்றினேன். நாலரை அடிக்கு வந்தது, எல்லைக்குச் சற்று மேல்தான் என்றாலும். ஓசை போய்விட்டது. பனிக்காலத்துக்கு எண்ணெயையும் இலேசான 32-ஆம் நம்பருக்கு மாற்றினேன். இந்த இயந்திரத்தில் கிளட்ச் கிடையாது. கயிற்றை இழுக்கும்போது எஞ்சினோடு பம்பையும் சேர்த்தே சுழற்றுகிறோம். குளிரில் தேனாக உறைந்த எண்ணெயோடு அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கப்ளிங். எஞ்சின் அச்சு முக்கால் அங்குலம், பம்ப் அச்சு அரை அங்குலம். இரண்டையும் பல் வைத்த இரண்டு இரும்புத் துண்டுகளும் நடுவே ரப்பர் ஸ்பைடரும் இணைக்கின்றன. அச்சுகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும்; ஒன்றையொன்று நெட்டித் தள்ளாமல் நடுவே மெல்லிய இடைவெளியும் இருக்க வேண்டும். பழைய பம்ப் தேய்ந்ததற்குக் காரணம் அதைக் கழற்றியபோதுதான் தெரிந்தது: ஸ்பைடர் நசுங்கி, எஞ்சின் அச்சு பம்பை வருஷக்கணக்காக உள்நோக்கி இடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கேஜை மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2500 பவுண்டு அழுத்தத்தில் குழாயில் ஊசித்துளை விழுந்தால், வெளியே வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத ஊசியாகத் தோலுக்குள் இறங்கிவிடும். முதலில் வலிக்காது, சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரிடலாம். கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். பட்டுவிட்டதென்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நேற்று எல்லாம் தயாரானது. ரிலீஃப் வால்வைப் பழைய 2500-க்கு ஏற்றிவைத்து, அந்த எல்ம் கட்டையை இருவருமாக உருட்டி ஏற்றினோம். ஆப்பு தொட்டது. முள் 300, 400 என்று ஏறி 500-ஐத் தொட்டபோது, பம்புக்குள் ‘டக்’ என்று ஒரு சிறு ஓசை. எஞ்சின் மூச்சை விட்டு நிமிர்ந்தது. அதன்பின் முள் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் என்று ஏறிக்கொண்டே போக, ஆப்பு விநாடிக்கு ஒரு அங்குலத்துக்கும் குறைவாக, எறும்பு ஊர்வதுபோல, மறுகோடியை நோக்கி ஊர்ந்தது. ஆஷ் கட்டையில் கேட்கிற வெடிப்புச் சத்தம் எதுவும் இல்லை. ஈரத்துணியைக் கிழிப்பது போன்ற நீண்ட ஓசை மட்டுந்தான்.

“இருபத்தாறு எண்ணினேன் மாமா, அந்த ‘டக்’குக்கு அப்புறம் எஞ்சின் ஒரு தடவகூட சத்தம் மாறல” என்றான் அக்காள் மகன்.

வேலியோரத்தில் இன்னும் ஏழு எல்ம் கட்டைகள் கிடக்கின்றன. சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.